ஆறு ஏஞ்சல்களும் ஒரு பச்சைக் கட்டமும்

மீன் வளர்ப்பவர்களின் கைபேசிகளில் ஒரு படம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே வரிசையாக மீன்களின் பெயர்கள், இடப்பக்கம் மேலிருந்து கீழாக அதே பெயர்கள், நடுவே கட்டங்கள். பச்சை என்றால் சேரும், சிவப்பு என்றால் சேராது, மஞ்சள் என்றால் உங்கள் பாடு. மோலியும் பிளாட்டியும் சந்திக்கும் கட்டம் பச்சை. ஆஸ்காரும் நியான் டெட்ராவும் சந்திக்கும் கட்டம் சிவப்பு. ஃபைட்டரின் வரிசை முழுக்க மஞ்சளும் சிவப்புமாகக் கிடக்கும். புதிதாகத் தொட்டி வாங்கியவர்களுக்கு அந்தப் படத்தை நானே அனுப்பியிருக்கிறேன். அதில் சிவப்பாக இருப்பவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆஸ்கார் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், நியான் மூன்றரையில் நின்றுவிடும், வாயில் நுழைவது வயிற்றுக்குத்தான் போகும். என்னை உறுத்துவது பச்சைக் கட்டங்கள்.

சிவப்புக் கட்டத்தைப் பார்த்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும். தின்றுவிடும், அல்லது கடித்துவிடும், அல்லது ஒன்றுக்கு வேண்டிய தண்ணீர் மற்றதற்கு ஆகாது. பச்சைக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. எத்தனை மீன், எவ்வளவு பெரிய தொட்டி, குஞ்சா வளர்ந்ததா, ஆணா பெண்ணா என்று எதையும் விசாரிக்காமல் 'சேரும்' என்று எழுதிக் கொடுத்துவிடும். அதை நம்பி மீன் வாங்குகிறவர், ஆறு மாதம் கழித்து வால் கிழிந்த மீனின் படத்தை அனுப்பி, "சேரும்னுதானே போட்டிருந்துச்சு?" என்று கேட்பார். பதில் சொல்ல எனக்கு ஒரு கட்டம் போதுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் சித்தி பையன் ஒரு பட்டியல் அனுப்பினான். "அண்ணா, ஏஞ்சல் ரெண்டு, கப்பி பத்து, நியான் பத்து, ஃபைட்டர் ஒண்ணு, கோல்டு ஃபிஷ் ரெண்டு, அழுக்கு திங்க ஒரு சக்கர். சேருமா சேராதா? ஒரே வார்த்தைல சொல்லிடுங்க."

"தொட்டி எவ்வளவுடா?"

"ரெண்டடிண்ணா."

இரண்டடித் தொட்டி என்றால் வழக்கமாக 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கினால் 54 லிட்டர். அடியில் மணல், நடுவே கல், மேலே விளிம்பு வரை நிரப்பாமல் விடுவது எல்லாம் போக, மீனுக்கு மிஞ்சுவது 45 லிட்டர் சொச்சம். அவன் கேட்டபடி ஒரே வார்த்தையில் 'சேராது' என்று அனுப்பிவிட்டுத் தூங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் சேராமல் போவதற்குத் தனித்தனிக் காரணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அடுத்த பட்டியலும் இப்படித்தான் வரும்.

தண்ணீர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் இது மட்டும்தான் அளந்து பார்க்கக்கூடிய விஷயம். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். 18 முதல் 22 டிகிரி வரை அதற்கு இதம். ஏஞ்சலுக்கு 24 முதல் 28 வேண்டும். நடுவில் 23 வைத்து இரண்டையும் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், இரண்டுக்குமே அரைகுறை வாழ்க்கை கொடுக்கிறார் என்று அர்த்தம். போதாக்குறைக்கு கோல்டு ஃபிஷ் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம்; ஒரு சிறிய தொட்டியின் ஃபில்டரைத் திணறடிக்க இரண்டே போதும். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்கள் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீரில், பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) 7-க்கு மேல் இருந்தால் செழிக்கும். நியானின் பூர்வீகம் அமேசான் படுகையின் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட ஓடைகள். பண்ணையில் பிறந்து வளர்ந்த நியான்கள் இடைப்பட்ட தண்ணீருக்குப் பழகிவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் குழாயில் வருவது உப்புத் தண்ணீராக இருந்தால் கப்பியை வாங்குங்கள், நியானை விட்டுவிடுங்கள். தண்ணீரை மாற்ற ரசாயனம் ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட, வருகிற தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, எந்த மீனாக இருந்தாலும், புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனை இறக்கிவிட்டு, ஒன்றிரண்டு செத்ததும் "அது இதைக் கடிச்சிருக்கும்" என்று பக்கத்து மீன் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. சேராமல் செத்ததாகச் சொல்லப்படும் மீன்களில் கணிசமானவை அம்மோனியாவில் செத்தவை என்பது என் எண்ணம்.

முட்டை வைத்த மாலை

இனி அளக்க முடியாத விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் நான்கடித் தொட்டி ஒன்று உண்டு, சுமார் 240 லிட்டர். அதில் நாணய அளவில் வாங்கிய ஆறு ஏஞ்சல் குஞ்சுகள், ஒரு கூட்டம் ரம்மி நோஸ் டெட்ரா, தரையில் மேயும் மீசை மீன்களான கோரிகள், கட்டையோடு ஒட்டிக்கிடக்கும் பாசி தின்னி மீனான ஒரு பிரிசில் நோஸ். படத்தில் தேடிப் பாருங்கள், அத்தனையும் பச்சை. எல்லாமே தென் அமெரிக்கா, எல்லாவற்றுக்கும் ஒரே வெப்பம், ஒரே தண்ணீர். ரம்மி நோஸ் ஐந்து சென்டிமீட்டர் வளரும் என்பதால் ஏஞ்சலின் வாய்க்குத் தப்பியது. நீண்ட காலம் அந்தத் தொட்டியில் ஒரு குறையும் இல்லை. ஏஞ்சல்களுக்குள் அவ்வப்போது ஒரு முறைப்பு, ஒரு இடி, அவ்வளவுதான்.

பிறகு இரண்டு ஏஞ்சல்கள் மட்டும் இடப்பக்க மூலையை விட்டு நகராமல் நின்றன. அங்கே ஒரு அமேசான் ஸ்வார்டு செடி, அதில் அகலமான ஒரு இலை சற்றே சாய்ந்து நின்றது. இரண்டும் மாறி மாறி அந்த இலையை வாயால் கொத்திச் சுத்தம் செய்தன. எதிரெதிரே நின்று உடலைச் சிலிர்த்தன. இரண்டின் அடிவயிற்றிலும் ஒரு சின்னக் குழாய் எட்டிப் பார்த்தது. பெண்ணுக்கு மொத்தையாக, ஆணுக்குக் கூராக. மறுநாள் மாலை பெண் மீன் இலையின் மேல் வயிற்றை அழுத்தியபடி கீழிருந்து மேலே ஏறியது. ஏறிய தடத்தில் குண்டூசித் தலையளவு முட்டைகள், தேன் நிறத்தில், வரிசை பிசகாமல் ஒட்டிக்கொண்டன. அது விலகியதும் ஆண் அதே தடத்தில் ஏறியது. பிறகு மறுபடி பெண். ஒரு மணி நேரத்துக்கு மேல் இதே வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

காலையில் விளக்கைப் போட்டபோது அது வேறு தொட்டியாக இருந்தது. மீதி நான்கு ஏஞ்சல்களும் வலப்பக்கம் மேல் மூலையில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு நெருக்கியடித்து நின்றன. ஒன்றின் வால் நுனி நாராகக் கிழிந்திருந்தது. கோரி ஒன்று வழக்கம்போல மணலைக் கிளறிக்கொண்டே செடி வரை வந்தது. ஆண் ஏஞ்சல் மேலிருந்து செங்குத்தாக இறங்கி அதை முட்டித் தள்ளியது. கோரிக்கு உடம்பு முழுக்கக் கவசம் என்பதால் காயமில்லை, ஆனால் அது தொட்டியின் மறுகோடி வரை போய்த்தான் நின்றது. எனக்கு உறைத்தது டெட்ராக்களைப் பார்த்தபோதுதான். ரம்மி நோஸின் தலை நல்ல சிவப்பாக இருக்கும். அதற்குப் பயம் வந்தாலோ தண்ணீர் கெட்டாலோ முதலில் வெளுப்பது அந்தத் தலைதான். அன்று காலை அத்தனை தலையும் வெளிறிப்போய் லேசான ரோஸ் நிறத்தில் இருந்தன. அவற்றின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

இளம் ஜோடிகள் முதல் முட்டைகளைத் தாங்களே தின்றுவிடுவது சகஜம். இதுவும் அப்படித்தான், முதலில் வெள்ளையாகிப்போன முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றன, பிறகு ஒரு இரவில் மிச்சத்தையும் முடித்துவிட்டன. அடுத்த நாளே இலையைக் காவல் காப்பது நின்றது. நான்கு ஏஞ்சல்களும் மெல்ல நடுத்தண்ணீருக்கு இறங்கின. டெட்ராக்களின் தலை சிவந்தது. சரி, முடிந்தது என்று நினைக்கும்போது, இரண்டு வாரம் ஆவதற்குள் அதே ஜோடி, அதே இலை, அதே முட்டை. மறுபடி வலப்பக்க மூலை, மறுபடி வெளிறிய தலைகள். ஏஞ்சல் ஜோடி சேர்ந்துவிட்டால் முட்டை போனதும் ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த தொகுதிக்குத் தயாராகிவிடும். அதாவது, அதே மீன்கள், அதே தண்ணீர், அதே தீனி இருக்கும்போதே என் தொட்டியின் கட்டம் மாதத்துக்கு இருமுறை பச்சையிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து பச்சைக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

அந்தப் படத்தில் எந்தக் கட்டத்தைப் பார்த்திருந்தால் இது முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று பிறகு தேடினேன். டெட்ராவின் கட்டம் அதைச் சொல்லாது. அதிகம் அடிவாங்கியவை டெட்ராக்கள் இல்லையே, மற்ற ஏஞ்சல்கள்தான். மூலைவிட்டத்தில், ஏஞ்சலும் ஏஞ்சலும் சந்திக்கிற இடத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் தன் இனத்தோடு சேராத மீன் உண்டா என்ற நினைப்பு. உண்மையில் ஒரு மீனுக்கு மிகப்பெரிய போட்டியாளர் அதன் சொந்த இனம்தான். அதே தீனி, அதே இடம், அதே துணை எல்லாவற்றுக்கும் அதுதான் வரிசையில் நிற்கிறது. இரண்டு ஆண் ஃபைட்டர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒரு தொட்டியில் இரண்டு ஆண் வாள்வால் மீன்களை விட்டால் என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? நாலு பெண் கப்பிகளோடு எட்டு ஆண்களை விட்டால் அந்தப் பெண்கள் ஒரு நிமிடம் ஓய முடியாது. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கு எந்தக் கட்டத்திலும் இல்லை.

ஓட இடமில்லாத ஓட்டம்

ஆற்றில் ஏஞ்சல் முட்டை வைக்கும்போதும் இதே துரத்தல் நடக்கும். ஆனால் துரத்தப்பட்ட மீன் நீரில் மூழ்கிய வேர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனால் போதும், கண்ணில் படாது, துரத்தியதும் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடும். சண்டை என்பது அங்கே தோற்றவன் கிளம்பிப் போவதோடு முடிகிற விஷயம். தொட்டியில் தோற்றவன் கிளம்பிப் போனால் கண்ணாடியில் முட்டி, அங்கேயே நிற்பான். துரத்தியவனுக்கு அவன் இன்னும் தெரிகிறான். போகச் சொல்லியும் போகாமல் நிற்கிறான் என்பதுதான் அதற்குப் புரிவது. அதனால் மறுபடி துரத்துகிறது. மீன்களுக்குக் கொடூர குணம் என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, இந்த நான்கு கண்ணாடிச் சுவர்களின் வேலை.

இதை ஒப்புக்கொண்டால், இரண்டு மீன் சேருமா என்ற கேள்வியைவிட, தோற்ற மீன் கண்ணில் படாமல் போக இடம் இருக்கிறதா என்ற கேள்வி உபயோகமானது. ஒரு மூலையிலிருந்து மறு மூலை தெரியாதபடி குறுக்கே ஒரு கட்டை, உயரமாக வளரும் வாலிஸ்னேரியா, பின்பக்கம் அடுக்கிய கற்கள் இவையெல்லாம் அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அலங்காரம் ஒன்றுமில்லாத மூன்றடித் தொட்டியைவிட, நன்றாகச் செடி வைத்த இரண்டரை அடித் தொட்டியில் சண்டை குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கையின் கணக்கும் இங்கேதான் வருகிறது. டைகர் பார்ப் வால் கடிக்கும் என்பது ஊரறிந்த செய்தி. நண்பர் ஒருவர் மூன்று வைத்திருந்தார். மூன்றும் சேர்ந்து ஒரு கௌராமியின் நூல் போன்ற வயிற்றுத் துடுப்புகளைக் கடித்துக் குட்டையாக்கிவிட்டன. கௌராமி அந்த நூல்களால்தான் தொட்டுப் பார்க்கிறது, ருசி பார்க்கிறது. அது போனால் கண் தெரியாதவர் கையில் கோல் இல்லாதது போல. அவர் பார்ப்களை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றார். கௌராமியை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, பார்ப்களைப் பன்னிரண்டாக ஆக்கச் சொன்னேன். டைகர் பார்ப் கூட்டத்துக்குள் படிநிலை வைத்துக்கொள்ளும் மீன். எட்டு, பத்துக்கு மேல் இருந்தால் முறைப்பும் துரத்தலும் தங்களுக்குள்ளேயே நடந்து தீர்ந்துவிடும். மூன்று இருந்தால் அந்த வேகத்துக்குப் பக்கத்தில் மெதுவாகப் போகிறவன் பலியாவான். இப்போது அந்தத் தொட்டியில் பார்ப்களோடு வேகமாக நீந்தும் ஜீப்ரா டேனியோக்களும் அடியில் லோச்களும் இருக்கின்றன, சண்டை இல்லை. அதற்காக ஏஞ்சலோடு பார்ப் சேர்க்கலாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீளமாகத் தொங்குகிற எதுவும் பார்ப்புக்கு ஒரு சபலம்தான்.

மலாவி ஏரியின் எம்புனா மீன்களை வளர்ப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். வேண்டுமென்றே நெருக்கமாக வைப்பார்கள். எந்த ஒரு மீனும் ஒரு மூலையைத் தன்னுடையது என்று பிடித்து நிறுத்த முடியாதபடி, அடி ஒருவனுக்கே விழாமல் எல்லோருக்கும் பங்காகும்படி. அதற்கு இரண்டு மடங்கு ஃபில்டரும் விடாத தண்ணீர் மாற்றமும் வேண்டும். மற்ற மீன்களுக்கு இந்த வித்தை உதவாது.

உருவத்தை வைத்து எடை போடுவதும் சரிவராது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைச் சேர்ந்த பட்டாணி பஃபர் மீன் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது, பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். தன்னைவிட மூன்று மடங்கு பெரிய மீனின் வாலைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். ஃபைட்டரிலோ ஆளுக்கு ஆள் குணம் வேறு. ஒரு ஃபைட்டர் கோரிகளோடு ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருக்கும். அதே நிறத்தில், அதே நேரத்தில் வாங்கிய இன்னொன்று, பளபளக்கும் வாலோடு ஒரு ஆண் கப்பியைக் கண்டதும் செவுளை விரித்துக்கொண்டு பாயும். அந்த வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துவிடுகிறது. ஃபைட்டரின் வரிசையை அந்தப் படம் மஞ்சளில் விட்டதைப் பாராட்ட வேண்டும்.

சத்தமில்லாமல் தோற்பவை

வால் கிழிந்தால் கண்ணில் படும். பட்டினி கண்ணில் படாது. மேல்மட்டத்தில் டேனியோ, நடுவில் கௌராமி, அடியில் கோரி என்று மூன்று அடுக்குக்கும் மீன் வைத்தால் மோதல் இல்லை என்பார்கள். பாதி சரி. தீனி போடுகிற இடம் மேலே. டேனியோ அம்பு மாதிரி பாய்ந்து முதல் நிமிடத்திலேயே முக்கால்வாசியை முடித்துவிடும். கௌராமி ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துத் தின்கிற மீன். கோரிக்குக் கீழே வந்து சேர்வது துகள்தான். "கீழே விழுறதத் தின்னுக்கும், அதுக்குத் தனியா போட வேணாம்" என்று சொல்லி விற்கப்படுவதாலேயே எத்தனையோ கோரிகள் வயிறு ஒட்டிச் செத்திருக்கின்றன. கோரி துப்புரவுப் பணியாளர் கிடையாது. விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் வில்லைகளை அதற்கென்று போட வேண்டும். அடியில் கூரான கல் இல்லாமல் மணல் வேண்டும், இல்லாவிட்டால் மீசை தேய்ந்துபோகும். இதெல்லாம் இருந்தால்தான் அது டேனியோவோடு சேரும். புதிதாக எந்த மீனை விட்டாலும், ஒரு வாரம் தீனி நேரத்தில் அதன் வயிற்றை மட்டும் பாருங்கள் என்று சொல்வேன்.

பயமும் அப்படித்தான். தேனீக்களின் நடனத்தைப் புரிந்துகொண்ட கார்ல் வான் ஃபிரிஷ் 1938-இல் ஒரு சிறு மீன் கூட்டத்தில் வேறொன்றைக் கவனித்தார். காயம்பட்ட மீனின் தோலிலிருந்து ஏதோ ஒரு பொருள் தண்ணீரில் கலந்து, கூட்டத்தில் மற்ற மீன்களைப் பயந்து ஓட வைத்தது. டெட்ரா, பார்ப், டேனியோ, கோரி எல்லாம் அந்தச் சிறு மீன் அடங்கிய அதே பெரும் பிரிவைச் சேர்ந்தவை. ஆற்றில் அந்த எச்சரிக்கை அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய தொட்டியில் எங்கே போகும்? ஒரு டெட்ராவின் தோல் கிழிந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்கிறது. இதன் மறுபக்கம் நல்ல செய்தி. கூச்ச சுபாவமுள்ள சின்ன சிக்லிட் மீன்கள் வெளியே வராமல் கல்லிடுக்கிலேயே கிடந்தால், மேலே ஒரு கூட்டம் டெட்ராவோ ரஸ்போராவோ விட்டுப் பாருங்கள். அவை நிம்மதியாகத் திரிவதைக் கண்டதும் ஆபத்து இல்லை என்று கீழே இருப்பவையும் வெளியே வரும். ஒரு மீனைச் சேர்த்ததால் இன்னொரு மீன் தைரியமாகிறது என்பதைக் குறிக்க அந்தப் படத்தில் எந்த நிறமும் கிடையாது.

எந்த வரிசையில் விடுகிறோம் என்பதும் முக்கியம். முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் முதலில் ஏறியவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதே கதைதான்: ரெட் டெயில் ஷார்க் மாதிரி இடம் பிடிக்கும் மீனை முதலில் விட்டால், அடுத்து வருகிற எல்லாம் அதன் வீட்டுக்குள் நுழைந்தவை ஆகிவிடும். அதனால் சாதுவானவற்றை முதலில் விட்டுப் பழக்கிவிட்டு, முரடனைக் கடைசியில் விட வேண்டும். ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டால், புது மீன் விடும் அன்று கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லை எல்லாம் அழிந்து, எல்லோரும் புதிதாக வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். விளக்கை அணைத்துவிட்டு விடுவதும் உதவும். அதற்கு முன், புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைக்காமல் நேரடியாக இறக்காதீர்கள்; வெள்ளைப்புள்ளி நோய் எந்தக் கட்டத்தின் நிறத்தையும் பார்த்து வருவதில்லை.

சக்கர் என்னும் பிரச்சினை

தம்பியின் பட்டியலில் எனக்கு மிகவும் கோபம் வந்த பெயர் சக்கர்தான். கோபம் அவன் மேல் இல்லை, அதை ஒரு துடைப்பம் மாதிரி நினைத்து விற்கும் பழக்கத்தின் மேல். கையில் வாங்கும்போது அது ஐந்து சென்டிமீட்டர். வளர்ந்தால் நாற்பதைத் தாண்டும். வளர வளரப் பாசி தின்பது குறைந்து, கழிப்பது கூடும். ராத்திரியில் கோல்டு ஃபிஷ் மாதிரி மெதுவான, பருத்த உடம்புள்ள மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழுவழுப்பைச் சுரண்டும் பழக்கமும் சிலவற்றுக்கு உண்டு. மீன் தொட்டியின் அளவுக்கேற்பத்தான் வளரும் என்பது ஆறுதலுக்குச் சொல்வது. இடமில்லாத மீன் நோஞ்சானாகி, நாள் குறைந்து போகிறது. பாசிதான் பிரச்சினை என்றால் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாத ஓட்டோசின்க்ளஸ் இருக்கிறது, பதினைந்துக்குள் நிற்கும் பிரிசில் நோஸ் இருக்கிறது, விளக்கை இரண்டு மணி நேரம் முன்னதாக அணைப்பது அதைவிட மேல்.

'ஒரு அங்குல மீனுக்கு ஒரு கேலன் தண்ணீர்' என்ற பழைய கணக்கும் இங்கேதான் காலை வாரும். மூன்று சென்டிமீட்டர் நியான் பத்தும், முப்பது சென்டிமீட்டர் ஆஸ்கார் ஒன்றும் அந்தக் கணக்கில் சமம். ஆனால் நீளம் பத்து மடங்கானால் அகலமும் தடிமனும் சேர்ந்து வளரும். ஒரே உருவம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஆஸ்காரின் எடை ஒரு நியானைப் போல ஆயிரம் மடங்கு, பத்து நியானைப் போல நூறு மடங்கு. கழிவும் அதற்கேற்ப. சின்னதாகச் சாம்பல் நிறத்தில் 'ஷார்க்' என்று விற்கிறார்களே, அது உணவுக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் பங்காசியஸ் வகை. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். யாருடைய வீட்டுத் தொட்டியிலும் அது யாரோடும் சேராது, தொட்டியோடே சேராது.

பெரிதான சக்கரை என்ன செய்வது என்று தெரியாமல் ஏரியில், ஆற்றில் விட்டவர்கள் உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இன்று இந்தியா, பங்களாதேஷ், மெக்சிகோ, அமெரிக்காவின் ஃபுளோரிடா என்று பல இடங்களில் நீர்நிலைகளை ஆக்கிரமித்து, கரைகளில் பொந்து தோண்டி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. யாருக்காவது கொடுங்கள், வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள், தண்ணீரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் ஏஞ்சல் ஜோடியைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். மீதி நான்கில் இன்னொரு ஜோடி உருவாகும் அறிகுறி தெரிகிறது, அதையும் பிரிக்க வேண்டியிருக்கும். மீனைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த இரண்டாவது தொட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்று இப்போது கேட்பவர்களிடம் சொல்லிவிடுகிறேன். அதற்கு இடமில்லை என்றால் ஏஞ்சல் குஞ்சு ஆறு வாங்க வேண்டாம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, பட்டியல் முழுக்க அடித்துவிட்டதாக நினைத்து அவன் குரல் இறங்கிப்போனது. "அப்ப நான் எதத்தாண்ணா வளர்க்கறது?" அந்தப் பட்டியலில் உனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டேன். கப்பி என்றான். அவன் வீட்டுத் தண்ணீரும் கடினத் தண்ணீர். அப்படியானால் தொட்டி கப்பிக்கு, மற்றதெல்லாம் கப்பிக்குத் தோதானது மட்டும் என்று பேசி முடித்தோம். இரண்டு ஆண், ஐந்து பெண், கண்ணாடியைச் சுத்தம் செய்ய நெரைட் நத்தை நான்கு, நிறைய ஜாவா பாசி. ஃபைட்டர் ஆசைக்குத் தனியாக ஒரு இருபது லிட்டர் தொட்டி.

போன வாரம் பதறிப்போய்க் கூப்பிட்டான். "அண்ணா, கப்பி குட்டி போட்டுச்சு, முப்பது இருக்கும். அதோட அம்மாவே தின்னுதுண்ணா! கப்பிக்குக் கப்பியே சேராதா?" பாசியை இன்னும் அடர்த்தியாகப் போடு, பிழைக்கிறது பிழைக்கும் என்றேன். அத்தனையையும் வலையில் பிடித்துத் தனியே வைத்துக் காப்பாற்றட்டுமா என்று கேட்டான். காப்பாற்று, ஆனால் ஒவ்வொரு பெண்ணும் மாதம் ஒருமுறை இதே மாதிரி போடும், இந்தக் குட்டிகளும் மூன்று மாதத்தில் போட ஆரம்பிக்கும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஜாவா பாசி எவ்வளவுண்ணா போடணும்?" என்றான்.